இசைத்தட்டில் ஏறாத பாட்டுகள்

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் சிலர் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு எழுதுகிறார்கள். வீட்டில் நல்லதொரு ஸ்டீரியோ அமைக்க விரும்புகிறார்கள். பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கி, அவற்றைச் சுழற்றும் கருவியிலும் பணத்தைப் போடுவதா, கணினியிலும் கைப்பேசியிலும் கிடைக்கும் டிஜிட்டல் இசையோடு நின்றுவிடுவதா என்பதே கேள்வி. நான் ஒலிப்பொறியியலாளன் அல்லன். செய்தித்தாளில் காலம் தள்ளியவன். ஆயினும் பதுளைப் பக்கத்துக்காரன் என்ற வகையில், இசைச் சஞ்சிகைகள் தொடாத ஒரு பக்கமும் இதில் உண்டு என்று கருதுகிறேன்.

இசைத்தட்டு மோகத்தை வெறும் பழைமைப் பித்து என்று தள்ளிவிட இயலாது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு வினைல் இசைத்தட்டுகள் ஏறத்தாழ 41 மில்லியன் விற்றன. இறுவட்டுகள் 33 மில்லியன் மட்டுமே. 1987க்குப் பின்னர் எண்ணிக்கையில் இசைத்தட்டு இறுவட்டை முந்தியது அதுவே முதல் தடவை. கையில் எடுத்துப் பார்க்கவும், உறையைப் படிக்கவும், ஒரு பக்கம் முடியும்வரை அமர்ந்து கேட்கவும் மக்கள் விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தில் குறை காண எனக்கு எதுவுமில்லை.

ஆனால் 'ஒலி உயர்ந்தது' என்ற வாதம் வேறு. 1982இல் சந்தைக்கு வந்த இறுவட்டு, ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து பதிகிறது. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை முழுவதும் அதில் அடங்கிவிடும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு இறுவட்டில் ஏறத்தாழ 96 டெசிபல். வினைலில் 60 முதல் 70 வரையே எதிர்பார்க்கலாம். ஊசி தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒலி சற்றுச் சிதைவதும் உண்டு. அளவுகோலை வைத்துப் பார்த்தால் வெற்றி டிஜிட்டலுக்கே.

அப்படியாயின், பழைய திரைப்பாடல் ஒன்று கீறல் விழுந்த தட்டில் இனிப்பதும், அதே பாடல் இணையத்தில் சப்பென்று இருப்பதும் ஏன்? குற்றம் பெரும்பாலும் ஊடகத்தினுடையதன்று, மூலத்தினுடையது. தேய்ந்துபோன ஒலிநாடாவிலிருந்து பிரதி எடுத்திருப்பார்கள். இரைச்சலை நீக்குகிறோம் என்று குரலின் நுனியையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். சத்தத்தைக் கூட்டி ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கியிருப்பார்கள். இறுவட்டின் தரவு விநாடிக்கு 1,411 கிலோபிட். அதை 128 கிலோபிட் எம்பி3 ஆகச் சுருக்கினால் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மறுபுறம், இன்று புதிதாக அச்சாகும் வினைல் தட்டுகள் பலவும் டிஜிட்டல் பிரதியிலிருந்தே வெட்டப்படுகின்றன. மூல நாடாவுக்குப் புகழ்பெற்ற மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகளிலும் இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்தமை 2022இல் தெரியவந்தது. தேர்ந்த காதுக்காரர்களும் அதுவரை அதைக் கண்டுகொள்ளவில்லை!

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஊவாத் தோட்டங்களில் பாட்டு வீட்டுக்கு வந்த வழி இசைத்தட்டு அன்று, வானொலி. லயங்களுக்கு மின்சாரம் வந்து சேர்ந்ததே மிகப் பிந்தித்தான். மின்கலத்தில் இயங்கிய வானொலிப் பெட்டி ஒன்று ஒரு லயத்தில் இருந்தால், அது லயம் முழுவதற்கும் சொந்தம். 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசைக்குக் கடிவாளம் போட்டபோது, உபகண்டமே இலங்கை வானொலியின் பக்கம் காதைத் திருப்பியது. மயில்வாகனனாரின் குரலுக்குப் பின்னால் சுழன்றவை கொழும்புக் கலையகத்து இசைத்தட்டுகள். பசறையிலும் நமுனுகுலையிலும் இருந்தவர்கள் அவற்றைத் தொட்டதில்லை, கேட்டார்கள். அடுத்தபடியாக மாரியம்மன் திருவிழா. வாடகைக்கு வந்த ஒலிபெருக்கியும், அதனோடு வந்த தட்டுப் பெட்டியும் மூன்று நாட்களுக்குத் தோட்டத்தின் ஸ்டீரியோ.

தட்டை வைத்திருந்த வசதியானவர்களுக்கும் மலைக் காலநிலை எதிரி. அப்புத்தளை மூடுபனியில் அட்டை உறை பூஞ்சணம் பிடிக்கும். பள்ளத்துக்குள் ஈரமும் தூசியும் சேர்ந்து உறையும். 78 சுற்று அரக்குத் தட்டோ கை தவறினால் உடைந்துவிடும். நாடாவும் ஈரத்துக்குத் தப்புவதில்லை.

இவையெல்லாம் பராமரிப்புச் சங்கடங்கள். முக்கியமான விடயம் வேறு. இசைத்தட்டு, விற்பனைக்கு எனப் பிறந்த பொருள். வாங்குவார் உண்டு என்று கணக்கிடப்பட்ட குரல்களே அதில் ஏறின. சென்னைத் திரையிசை ஏறியது. கர்நாடக இசை ஏறியது. எழுபதுகளில் கொழும்பின் சூரியா நிறுவனத்தின் சிங்கள இசையும் தட்டில் ஏறியது. மாசி மாதத்துக் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும், கொழுந்து மலையில் பிறந்த தெம்மாங்கும், தாலாட்டும், ஒப்பாரியும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அப்பாட்டுக்குச் சொந்தக்காரர்களிடம் தட்டு வாங்கப் பணம் இல்லை. பணம் இருந்தவர்களுக்கு அப்பாட்டு வேண்டியிருக்கவில்லை. ஆகவே, "வினைலில் உள்ளதே அசல்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு உறுத்துகிறது. எங்கள் பாட்டி பாடியது எந்தத் தட்டிலும் இல்லை. அதனால் அது அசல் இல்லையா?

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையக நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார்கள். அவர்களுக்கு நாம் என்றென்றும் கடன்பட்டவர்கள். ஆனால் நூல் சொல்லைக் காக்கும், மெட்டைக் காக்காது. எந்த இடத்தில் குரல் நின்றது, தப்பு எங்கே அடி மாறியது என்பதை அச்செழுத்து சொல்லாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அப்படிச் சென்றவர்களோடு பாடகர்களும் சென்றார்கள். அவர்களின் பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். இங்கே எஞ்சியவற்றையும் மலை விட்டுவைப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவில் உயிர்களை இழந்தது. உயிரிழப்புக்கு முன்னால் பாட்டைப் பற்றிப் பேசுவது சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு முதியவரோடு எத்தனை பாட்டுகள் போயின என்று எந்த நிவாரணப் படிவத்திலும் எழுதப்படுவதில்லை.

எனவே, கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இது. வீட்டில் தந்தையோ தாத்தாவோ சேர்த்த தட்டுகள் இருந்தால், நடுத்தரமான ஒரு சுழற்றி வாங்குங்கள். தேய்ந்த ஊசி தட்டைக் கெடுக்கும், ஊசியை மாற்றுங்கள். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை சுருக்காத கோப்பாகப் பிரதி எடுத்துவிடுங்கள். தட்டுகள் இல்லையாயின் அவற்றைத் துரத்தி ஓட வேண்டாம். நல்ல ஒலிபெருக்கிகளில் பணத்தைப் போடுங்கள். காதுக்கு எட்டும் வேறுபாட்டில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. இணைய இசைச் சேவையை மட்டும் நம்பவும் வேண்டாம். உரிம ஒப்பந்தம் முடிந்தால் நேற்றிருந்த பாட்டு இன்று இராது. விரும்பும் பாட்டை விலைகொடுத்து வாங்கி, சொந்தக் கோப்பாக வைத்திருங்கள்.

மிச்சம் பிடித்த பணத்தில் சிறியதொரு ஒலிப்பதிவுக் கருவி வாங்குங்கள்; முடியாவிட்டால் கைப்பேசியே போதும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பண்டாரவளையிலோ லுணுகலையிலோ இருக்கும் அப்பாயியை, அம்மாயியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள், எம்பி3 ஆகச் சுருக்காதீர்கள், பாடியவரின் பெயரையும் தோட்டத்தையும் திகதியையும் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்லச் செய்யுங்கள். இரண்டு பிரதிகளை இரண்டு வெவ்வேறு ஊர்களில் வையுங்கள். பாடியவர் சம்மதித்தால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டி இலவசமாகத் தந்துவரும் நூலகம் நிறுவனத்தாருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.

தட்டில் ஏறிய பாட்டுகளைக் காக்க உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏறாதவற்றைக் காக்க நம்மைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.