கெட்டியாக இருந்தால் அழுக்குப் போகுமா?

சென்ற இதழில் திரவ சோப்பை வீட்டிலேயே தயாரிப்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? செய்து பார்த்த சகோதரிகள் பலருக்கும் ஒரே குறைதான். "எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. ஆனா தண்ணி மாதிரி ஓடுதே! என்ன போட்டா கெட்டியாகும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கெட்டிப்படுத்தும் பொருட்களைப் பற்றியே இந்த இதழில் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பருப்புக் குறைந்த சாம்பாரில் ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்து விடுகிறோம். சாம்பார் கெட்டியாகிறது. பருப்பு கூடிவிட்டதா? இல்லையே! திரவ சோப்பும் அப்படியே. கெட்டி என்பது நம் சௌகரியத்துக்காக. உள்ளங்கையில் ஊற்றினால் வழியாது, ஸ்பாஞ்சில் நிற்கும், குழந்தைகள் பம்ப்பை அழுத்தி வீணாக்குவது குறையும். அழுக்கை எடுப்பது உள்ளே இருக்கும் சோப்புச் சரக்கு. கடையில் வாங்கும்போதும் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்து, "நல்ல கெட்டி, நல்ல சரக்கு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சரக்கைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. 1 லிட்டர் தண்ணீரில் 1 ஸ்பூன் திரவம் விட்டு, எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். எத்தனையாவது தட்டில் பிசுக்குப் போகாமல் நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு விதத் திரவங்களை இப்படிச் சோதித்துப் பார்த்தால் எது உசத்தி என்று தட்டே சொல்லிவிடும்.

எந்த வகை என்று பாருங்கள்

நாம் வீட்டில் செய்வது இரண்டு வகை. ஒன்று, கெமிக்கல் கடையில் வெள்ளைப் பசையாகக் கிடைக்கும் எஸ்.எல்.இ.எஸ்.ஸைத் தண்ணீரில் கரைத்துச் செய்வது. மற்றது நிஜ சோப்பு. அதாவது தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் பொட்டாஷ் சேர்த்துக் காய்ச்சியது, அல்லது மிஞ்சிய சோப்புத் துண்டுகளைக் கரைத்தது. ஒன்றைக் கெட்டியாக்குவது மற்றதைக் கெடுத்துவிடும். குழப்பமெல்லாம் இங்கேதான் வருகிறது.

பசைக்கு உப்பு

எஸ்.எல்.இ.எஸ். பசைக்கு நம் அடுப்படி உப்பே போதும். இந்தச் சரக்கு தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடி நிற்கும். உப்புச் சேர்ந்ததும் உருண்டைகள் நீண்டு, இடியாப்பம் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால்தான் கெட்டிப்படுகிறது. உப்பு அளவை மீறினாலோ அந்தப் பின்னல் தளர்ந்து, திரவம் மறுபடி நீர்த்துப் போகும், கலங்கியும் போகும்.

எங்கள் தெருப் பெண்கள் சிலர் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து, கடனில் சாமான் வாங்கிப் பாத்திரம் கழுவும் திரவம் தயாரித்து விற்கிறார்கள். ஒரு தடவை 50 லிட்டர் டிரம் முழுக்க நீர்த்துவிட்டது. "நேத்து கூழு மாதிரி இருந்துச்சுக்கா. இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்னு உப்பு போட்டேன். போடப் போடத் தண்ணியாப் போகுது. தவணை கட்டணுமே" என்று கண் கலங்கி வந்து நின்றாள் ஒரு பெண். உப்பே போடாத புதுக் கரைசலை ஒரு பக்கெட்டில் கலக்கி, அதில் டிரம்மில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தோம். ஒன்றுக்கு ஒன்று என்று சேர்ந்தபோது பழையபடி கெட்டியாயிற்று. அந்தக் கணக்கிலேயே முழுவதையும் சரிசெய்து, விற்றுத் தவணையும் கட்டினார்கள். எப்போதும் கால் பங்கு கரைசலை உப்புப் போடாமல் தனியே எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தவிப்பு வராது.

அளவு சொல்கிறேன். 1 லிட்டருக்கு 120 கிராம் பசை. பசையின் மேல் தண்ணீரை ஊற்றினால் விறைத்துப் பாறையாகிவிடும். 700 மில்லி தண்ணீரில் பசையைச் சிறிது சிறிதாகப் போட்டு, மூடி வைத்து விடுங்கள். ராத்திரி போட்டால் காலையில் தானே கரைந்திருக்கும். முட்டைக்கரண்டி போட்டு அடித்தால் நுரைதான் மிஞ்சும். பிறகு 30 கிராம் பீட்டைன் சேருங்கள். வாசனை, கலர் எல்லாம் கலந்து, தண்ணீர் விட்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிறுத்துங்கள். உப்பு கடைசியில்தான். சில வாசனைத் தைலங்கள் திரவத்தை நீர்க்கச் செய்யும், சில கெட்டியாக்கும். உப்பை முன்னாலேயே போட்டால் கணக்குத் தப்பிவிடும்.

100 மில்லி தண்ணீரில் 25 கிராம் உப்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இந்த உப்புத் தண்ணீர் 1 ஸ்பூனில் ஏறக்குறைய 1 கிராம் உப்பு இருக்கும். முதலில் 200 மில்லி டம்ளரில் மட்டும் சோதனை. ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு, மெதுவாகக் கலக்கி, பார்த்துப் பார்த்துச் சேருங்கள். பெரும்பாலும் 2 முதல் 5 ஸ்பூனுக்குள் பதம் வந்துவிடும். டம்ளருக்கு 3 ஸ்பூன் என்றால் லிட்டருக்கு 15. அதிலும் இரண்டு ஸ்பூன் குறைத்தே விட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பாக இருக்கும்போது பதம் பார்க்கக் கூடாது. சித்திரை வெயிலில் இளகும், மார்கழிக் குளிரில் இறுகும்.

இதே வேலைக்கு கோகோ டைஎத்தனாலமைடு என்ற எண்ணெய் போன்ற திரவமும் விற்கிறது. சி.டி.இ.ஏ. என்பார்கள். நன்றாகவே கெட்டியாக்கும், நுரையும் நிற்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை, புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று சந்தேகிக்கும் 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலமும் 2012-ல் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. பீட்டைனும் உப்புமே போதும்போது இது எதற்கு என்பது என் அபிப்பிராயம். பீட்டைனும் தேங்காய் எண்ணெயிலிருந்து வருவதுதான்.

நிஜ சோப்புக்கு உப்பு ஆகாது

தேங்காய் எண்ணெய் சோப்பில் உப்புப் போட்டால் கெட்டியாகாது. அதிகம் போட்டால் சோப்பு திரிதிரியாகப் பிரிந்து மேலே மிதக்கும். பழைய முறையில் சோப்புக் காய்ச்சுகிறவர்கள் உப்புப் போட்டுத்தான் சோப்பைத் திரட்டி எடுப்பார்கள். எலுமிச்சம்பழமும் பிழியாதீர்கள். புளிப்புப் பட்டால் சோப்பு முறிந்து எண்ணெயாகப் படியும்.

சோப்புத் துண்டுகளைத் துருவி வெந்நீரில் கரைத்தவர்களுக்கு எதிர்மாறான தொல்லை. சூட்டில் பால் போல இருந்தது, மறுநாள் கோழை மாதிரி இழுக்கும். கட்டி சோப்பு காஸ்டிக் சோடாவில் செய்தது. ஆறினால் அது தானாகவே உறையும் குணமுடையது. அதற்கு வேறெதுவும் சேர்க்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கினால் சரி.

காஸ்டிக் பொட்டாஷ் சோப்புக்கு சாந்தன் கம் ஏற்றது. கேக், சாஸ் வகைகளில் சேர்க்கும் அதே பொடிதான். லிட்டருக்கு 5 கிராம். நேராகக் கொட்டினால் கட்டி தட்டி, எத்தனை கலக்கினாலும் கரையாது. 3 ஸ்பூன் கிளிசரினில் முதலில் குழைத்து, பிறகு உப்புமாவுக்கு ரவை தூவுகிற மாதிரி ஒரு கையால் விட்டு மறு கையால் கலக்க வேண்டும். எச்.பி.எம்.சி. என்ற பொடியும் உண்டு. அதன் சுபாவம் விசித்திரம், கொதிநீரில் கரையாது, ஆறினால்தான் கரையும். ஆகையால் கொஞ்சம் கொதிநீரில் தூவிப் பரப்பிவிட்டு, பிறகு குளிர்ந்த தண்ணீர் சேர்க்கவும்.

கார்போமர் என்று ஒன்றையும் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். 2020-ல் கொரோனா சமயத்தில் கைக்குத் தடவிய ஜெல்களில் பார்த்திருப்பீர்கள். அது உப்புப் பட்டால் நீர்த்துவிடும். சோப்புக்கு வேண்டாம்.

மாவும் கஞ்சியும் வேண்டாம்

"மைதாக் கஞ்சி காய்ச்சி ஊத்திட்டா செலவே இல்லையே?" என்று என் ஓரகத்தி கேட்டாள். சோள மாவு, அரிசிக் கஞ்சி, மைதா எதுவானாலும் கிருமிக்குச் சாப்பாடு. நாலைந்து நாளில் புளித்த வாடை வரும். வாடை வருமுன்னே கிருமி பெருகியிருக்கும். அதில் கை கழுவிவிட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை நினைத்துப் பாருங்கள். 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கிருமி புகுந்த சோப்பில் கை கழுவியவர்களின் கையில் கழுவிய பிறகு கிருமி அதிகமாகியிருந்தது.

ஆகையால் சில விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும். பசையில் செய்த திரவத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் சோடியம் பென்சோயேட் போடுங்கள். ஊறுகாய்க்குப் போடுகிற சரக்குதான். புளிப்புத் தன்மை இருந்தால்தான் அது வேலை செய்யும். சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். தாளில் 5 வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இவை இரண்டையும் உப்புக்கு முன்னால் சேர்க்க வேண்டும். நிஜ சோப்பில் இது பலிக்காது. அதைக் கொஞ்சமாகச் செய்து பத்து நாளில் தீர்த்துவிடுவது சிலாக்கியம்.

பாட்டில் தீருகிற சமயம் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அப்படிச் செய்தால் பதப்படுத்தும் சரக்கும் நீர்த்துப் போகும். அன்றைக்கே உபயோகித்துக் காலி செய்யுங்கள். பழையதின் மேலேயே புதியதை ஊற்றாமல், பாட்டிலையும் பம்ப்பையும் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு நிரப்புங்கள்.

இன்னொன்று. வண்ணமாக, கெட்டியாக, பழ வாசனையோடு இருக்கும் திரவம் குழந்தையின் கண்ணுக்கு சர்பத்தாகத் தெரியும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. காஸ்டிக் சரக்குகள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் கலரும் வாசனையும் இல்லாமலே செய்யுங்கள். கொஞ்சம் நீர்க்க இருந்தால்தான் என்ன? நுரையாகத் தள்ளும் பம்ப் பாட்டில் கிடைக்கிறதே, அதற்கு நீர்த்த சோப்புதான் வேண்டும். கெட்டிப்படுத்தும் வேலையே மிச்சம்.

டம்ளர் சோதனை செய்து பார்த்து, உங்கள் பசைக்கு எத்தனை ஸ்பூன் உப்புப் பிடித்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் ஊறவைத்துத் தலைக்குத் தேய்ப்பது பற்றிப் பேசுவோம்.