ராயபுரமும் சென்னைதான்



வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள் என்றால் கோட்டை, ராஜாஜி ஹால் என்பதோடு நின்றுவிடுகிறோம். காசிமேட்டுக்குப் பக்கத்திலேயே ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போனது. இதற்கு முந்தைய பம்பாய், தாணேயின் முதல் நிலையங்கள் இன்றில்லை. துணைக்கண்டத்தில் எஞ்சியிருப்பதில் மூத்தது இதுதான். 2005இல் புதுப்பித்தார்கள், அதோடு சரி. ஓமந்தூரார் தோட்டத்தில் கவர்னர் மாளிகையை இடித்துச் சட்டமன்றம் கட்டினார்கள். அதுவும் இப்போது மருத்துவமனை! ராயபுரத்துக்கு அந்த கதி வேண்டாம். தூண்கள் நிற்கும் அந்தக் கூடத்தில் ரயில்வே அருங்காட்சியகம் வையுங்கள். எங்கள் பிள்ளைகள் நடந்தே வந்து பார்ப்பார்கள்.

– ஒரு வாசகர், காசிமேடு, சென்னை-13