ஃபிஃபா ஆடும் தம்பிகளுக்கும், ஆடாதே எனும் தோழர்களுக்கும்

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் போன மாதம் மூன்று நாள் ஒரே சண்டை. உள் ஒதுக்கீடு பற்றியோ தேர்தல் பற்றியோ இல்லை. ஃபிஃபா கேம் நல்லதா கெட்டதா என்று. கல்லூரியில் படிக்கும் தோழர் ஒருவர், "இது முதலாளித்துவப் போதை, எல்லாரும் ஃபோனிலிருந்து அழித்துவிடுங்கள்" என்றார். பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் எழுந்து, "அதுல மட்டுந்தான்க்கா நீ எந்தத் தெருன்னு எவனும் கேக்கறதில்ல" என்றான்.

இந்த இரண்டு பேச்சையும் சும்மா தள்ளிவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஈஏ என்ற அமெரிக்க நிறுவனம் 1993-ல் தொடங்கியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் பெயரை வாடகைக்கு எடுத்து 'ஃபிஃபா' என்று விற்றது. 2022 மே மாதம் இரண்டு பேருக்கும் ஒத்துவராமல் போனது. 2023 முதல் அதன் பெயர் 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி'. நம் பிள்ளைகள் வாயில் இன்னும் ஃபிஃபாதான். கொனாமி நிறுவனத்தின் 'ஈஃபுட்பால்' இதற்குப் பங்காளி. எது ஒசத்தி என்பது தனிச் சண்டை, அதற்குள் நான் போகவில்லை. பெரிய பதிப்பை ஆட பிளேஸ்டேஷன் போன்ற விலையுயர்ந்த கருவி வேண்டும், அதன் மேல் கேமுக்குத் தனி விலை. ஃபோன் பதிப்பு இலவசம். எங்கள் காலனிப் பிள்ளைகள் ஆடுவது இந்த இலவசப் பதிப்பை, அண்ணன் மாற்றிப் போட்ட பழைய ஃபோனில், திரையில் ஒரு விரிசலோடு.

முதலில் தம்பி பக்கம் நிற்கிறேன்.

பல்வாங்கர் பாலு என்ற பெயரை நம் வாசகர்கள் கேட்டிருப்பீர்கள். தலித் சமூகத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911-ல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணியில் ஆடி 114 விக்கெட் எடுத்தார். பூனாவில் அவர் வீசும் பந்து மேல்சாதி அணிக்கு வேண்டும்; தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளை. ஆட்டத்தில் அவரைவிடத் தகுதி குறைந்தவர்கள் இந்து அணிக்குத் தலைவர்கள் ஆனார்கள், அவருக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்கு 1923-ல்தான் அந்த இடம் கிடைத்தது, அதுவும் பெரிய போராட்டத்துக்குப் பிறகு. கேமில் கேப்டனை மாற்ற ஒரு பொத்தான் போதும். யாரிடமும் கெஞ்ச வேண்டாம். இதை அற்பம் என்று நினைப்பவர்கள், பள்ளிக்கூட அணியில் பெயர் படிக்கும்போது கடைசி வரிசையில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பையன்களுக்கு வினிசியஸ் ஜூனியரைத் தெரிந்தது இந்தக் கேம் மூலமாகத்தான். 2023 மே மாதம் வலென்சியா மைதானத்தில் அவரைக் குரங்கு என்று கத்தினார்கள். அடுத்த ஆண்டு அதற்காக மூன்று ரசிகர்களுக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. "அங்கயுமாக்கா?" என்று ஒருவன் கேட்டான். இனவெறியும் சாதியும் எங்கே ஒன்றுபோல, எங்கே வேறு என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். முதுகலைச் சமூகவியல் வகுப்பில் இதே பாடத்துக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. அந்தத் தீர்ப்பைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "நம்ம ஊர்ல கத்துனவன எத்தன பேர உள்ள வச்சிருக்காங்க?"

இனி குறைகள். தோழர் சொன்ன 'போதை' என்ற சொல் எனக்கு உதவாது. போதை என்று சொல்லிவிட்டால் அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் வேலை முடிந்துபோகிறது.

இந்தக் கேமில் ஒவ்வொரு வீரரும் ஓர் எண். வேகம், ஷூட்டிங், பாஸ், டிரிப்ளிங், தடுப்பு, உடல்வலு என்று ஆறு கணக்குகள், அவற்றின் மேல் 99-க்குள் ஒரு மொத்த மதிப்பெண். 75-க்கு மேல் தங்க அட்டை, 65 முதல் 74 வரை வெள்ளி, அதற்குக் கீழே வெண்கலம். மதிப்பெண் போட நிறுவனத்துக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் இருக்கிறார்கள். நம் ஐஎஸ்எல் தொடர் இந்தக் கேமுக்குள் வந்ததே 2021-ல், ஃபிஃபா 22 பதிப்பில்தான். வந்தபோது இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெண்கலம். வியாசர்பாடி மண்ணிலிருந்து வந்த தனபால் கணேஷ் இருந்த சென்னையின் எஃப்சி 2017-18 கோப்பையை வென்றபோது அந்தத் தொடருக்கே இங்கே இடமில்லை. ஐரோப்பாவின் இரண்டாம், மூன்றாம் நிலைத் தொடர்கள்கூட அப்போது உள்ளே இருந்தன.

மதிப்பெண் போடுவதையே சாதி என்று சொல்லிவிட மாட்டேன். நம்மில் சிலர் எதைக் கண்டாலும் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம், சொல்லின் கூர் மழுங்குகிறது. மதிப்பெண் ஆட்டத்தைப் பார்த்துப் போடுவது. ஆட்டம் ஏறினால் அடுத்த ஆண்டு ஏறும். சாதியில் அந்த வசதி இல்லை. எனக்கு உறுத்துவது வேறொரு எண். 'கரியர் மோட்' என்ற பகுதியில் ஒவ்வொரு இளம் வீரருக்கும் 'பொட்டென்ஷியல்' என்று ஓர் உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கும், ஆடுகிறவருக்குத் திரையில் அது அப்படியே தெரியாது. பதினேழு வயதுப் பையன் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அந்த வரம்போடு நின்றுவிடுவான். தறி வேலைக்குப் போகும் ஒரு மாணவனுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. "ஜக்கார்டு அட்டை மாதிரிக்கா. ஓட்டை போட்டு வச்சாச்சு, நாம எவ்ளோ மிதிச்சாலும் அந்த டிசைன்தான் வரும்" என்றான். 2019-ல் வந்த பதிப்பிலிருந்து நன்றாக ஆடினால் அந்த வரம்பு கொஞ்சம் நகரும்படி மாற்றியிருக்கிறார்கள். கேம் செய்கிறவர்களுக்கே அது நியாயமில்லை என்று தோன்றியிருக்கிறது போல. எங்கள் பக்கத்தில், "உனக்கெல்லாம் ஐடிஐ போதும்" என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லும் பெரியவர்களுக்கு இன்னும் தோன்றவில்லை.

ஆளுக்கு ஓர் எண் போடுவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த பழக்கமும் இல்லை. திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் பதினொன்றாம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கையோடு மருத்துவமனை நடந்தது என்று ஊர்ப் பெருமையாக எல்லோரும் சொல்வார்கள். அதே கல்வெட்டில் மருத்துவருக்கு எவ்வளவு நெல், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எவ்வளவு, தண்ணீர் கொண்டுவருபவருக்கு எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. நான் மாணவர்களைக் கூட்டிப்போனால் அந்த நெல் கணக்கைத்தான் முதலில் பேசுவேன்.

அந்த ஆறு கணக்குகளில் கடைசியான உடல்வலுவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020-ல் ரன்ரிப்பீட் என்ற நிறுவனம் ஐரோப்பியத் தொடர்களின் 80 ஆட்டங்களில் ஆங்கில வர்ணனையை ஆய்வு செய்தது. வெள்ளைத் தோல் வீரர்களைப் புகழும்போது அறிவு, உழைப்பு என்றும், கருந்தோல் வீரர்களைப் பேசும்போது வலு, வேகம் என்றும் வர்ணனை சாய்ந்திருந்தது. அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே, 1970-ல், லோய், மெக்எல்வோக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்க அணிகளைப் பார்த்து, முடிவெடுக்கும் நடு இடங்களில் கறுப்பினத்தவர் குறைவாகவும் ஓரங்களில் அதிகமாகவும் நிறுத்தப்படுவதைக் காட்டினார்கள். நம் பையன்களைப் பயிற்சியாளர்கள் எப்படிப் புகழ்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "இவனுங்களுக்கு ஸ்டாமினா ஜாஸ்திப்பா." புகழ்ச்சிதான். அதைச் சொல்லிவிட்டு ஓரத்தில் ஓடவிடுவார்கள், நடுக்களத்தை வேறொருவன் பார்ப்பான். எங்கள் பையன்கள் கேமில் ஆடும்போது மிகவும் விரும்பி எடுக்கும் இடம் நடுக்களம். இதை நான் கவனித்துத்தான் வருகிறேன்.

எல்லாவற்றிலும் மோசமானது பணம். இந்த இடத்தில் தோழர் சொன்னது முழுக்கச் சரி.

'அல்டிமேட் டீம்' என்ற பகுதியில் வீரர்களை அட்டைகளாகச் சேர்த்து அணி கட்ட வேண்டும். அட்டை 'பேக்'கில் வரும். உள்ளே யார் இருக்கிறார் என்று பிரித்தால்தான் தெரியும். ஆடி ஆடியும் பேக் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். பெட்டிக்கடையில் தொங்கும் சுரண்டல் அட்டையை இதோடு ஒப்பிட்டால் அந்தக் கடைக்காரர் நேர்மையானவர். 2021 நிதியாண்டில் மட்டும் அல்டிமேட் டீம் மூலம் ஈஏ ஈட்டியது சுமார் 162 கோடி டாலர், நிறுவனத்தின் மொத்த வருவாயில் கால் பங்குக்கும் மேல். பெல்ஜியம் 2018-ல் இதைச் சூதாட்டம் என்று அறிவித்தது. 2019 ஜனவரி கடைசியில் ஈஏ அங்கே காசுக்கு விற்பதை நிறுத்திக்கொண்டது. நெதர்லாந்து ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது, 2022-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2019-ல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு கேட்டபோது நிறுவனத்தின் பிரதிநிதி, இது சாக்லேட் முட்டைக்குள் பொம்மை இருப்பதைப் போன்ற ஆச்சரியம்தான் என்றார்.

தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு கொண்டுவந்த சட்டமும் முக்கியமாகக் குறிவைப்பது பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களை. பேக்கில் பணம் கட்டலாம், எடுக்க முடியாது. எடுக்க முடியாததால் இது சூதாட்டம் இல்லை என்பது உலகம் முழுக்க நிறுவனங்கள் வைக்கும் வாதம். போட்ட காசு ஒருபோதும் திரும்பாது என்பதே ஒருவருக்கு நற்சான்றாக ஆகும் விநோதத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எங்கள் பகுதியில் கூலித் தறி நெய்யும் ஒரு அம்மாவின் கணக்கிலிருந்து பதினொரு நாளில் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் போயிருந்தது. மகன் ஏதோ ஒரு மொபைல் கேமில் பேக் வாங்கியிருக்கிறான், எந்தக் கேம் என்பது இங்கே முக்கியமில்லை. அந்தப் பதினொரு நாளில் அவர் நெய்த கூலியில் அது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பையனை அடித்துப் பயனில்லை என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. ஃபோனில் பணம் கட்டும் வழியைப் பூட்டிவைக்க அரை மணி நேரம் ஆனது. படிப்பகம் நடத்தும் தோழர்கள் ஒவ்வொருவரும் இந்த அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள்.

சரி, 'தெரு கேக்கறதில்ல' என்ற பேச்சு எவ்வளவு தூரம் நிற்கிறது? திரைக்குள் நிற்கிறது. வாசல் தாண்டினால் இல்லை. பக்கத்து ஊர் ஒன்றில் பொங்கலுக்கு மொபைல் கால்பந்துப் போட்டி வைத்தார்கள். பதிவு செய்திருந்த பதினாறு அணிகளில் ஐந்தின் பெயரிலேயே சாதிப் பட்டம். நம் பையன்கள் 'ப்ளூ பாய்ஸ்' என்று கொடுத்தார்கள். "நீலமா? எந்தப் பக்கம்டா நீங்க?" என்று கேட்டுவிட்டு, இடம் முடிந்துபோச்சு என்றார்கள். கேமுக்கு வண்ணம் வெறும் ஜெர்சிதான். 2023-ல் நாங்குநேரி நடந்த பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது நினைவிருக்கிறதா? அந்தக் கயிறு இப்போது அணிப் பெயராக ஃபோனுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஈஏவைத் திட்டி என்ன செய்ய.

பெண்களைப் பற்றி இதுவரை பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? அந்த மூன்று நாள் சண்டையிலும் வரவில்லை. கேமில் பெண்கள் அணிகள் வந்தது 2015-ல், ஃபிஃபா 16-ல், வெறும் 12 நாடுகளோடு. மதுரை சேது எஃப்சி 2018-19-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. அந்த லீக் கேமில் இல்லை. எங்கள் படிப்பகத்துத் தங்கைகளிடம் கேட்டால், "எங்களுக்கு ஃபோன் குடுத்தாத்தானக்கா நல்லதா கெட்டதான்னு சொல்றதுக்கு" என்கிறார்கள். தம்பிகளும் தோழரும் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அழித்துவிடு என்ற தோழரிடம் நான் கேட்டது இதைத்தான்: அழித்த பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் எங்கே போவான்? எங்கள் அப்பாக்கள் பாலாற்று மணலில் ஆடினார்கள். அள்ளியது போக இப்போது அங்கே குழியும் கருவேலமும்தான். சாலையில் கல்குவாரி லாரி. மைதானம் ஊர்ப் பக்கம் இருக்கிறது. போகக்கூடாது என்று பலகை எதுவும் கிடையாது, போனால் "ஆள் ஃபுல்லு" என்பார்கள். 2024-ல் தமிழ்நாடு அரசு 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று அறிவித்துக் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பெட்டி உங்கள் ஊராட்சியில் யார் வீட்டில் இருக்கிறது, சாவி யாரிடம், காலனிப் பிள்ளைகளுக்கு எந்தக் கிழமை? அடுத்த கிராம சபையில் இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மனுவைப் பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து எழுதட்டும். எங்கள் மனு தயாராகிவிட்டது. கையெழுத்து போட்ட முப்பத்து நாலு பேரில் பத்தொன்பது பேர் தங்கைகள்.