கண்காட்சிக்குப் போகும் செலவு

மோட்டார் சைக்கிள் கண்காட்சிக்குப் போகலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், முதலில் வரும் கேள்வி, “நுழைவுச் சீட்டு எவ்வளவு?” என்பதுதான். பதில் பெரும்பாலும் யாரையும் மலைக்க வைக்காது. அதனாலேயே பெற்றோர் பலர் உடனே தலையசைத்துவிடுகின்றனர். ஆனால், மொத்தச் செலவில் சீட்டின் பங்கு மிகச் சிறியது. வாசலை அடைவதற்கு முன்பு ஒரு செலவு இருக்கிறது. வாசலைக் கடந்த பிறகு இன்னொரு செலவு காத்திருக்கிறது.

சுங்கைப் பட்டாணியில் நான்காம் படிவத்தில் பயிலும் மாணவர் ஒருவர் இப்படிப்பட்ட கண்காட்சிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி செர்டாங்கில் உள்ள மலேசிய வேளாண் கண்காட்சிப் பூங்காவில் நடைபெறுகிறது. பெயரில் வேளாண்மை இருந்தாலும், கார், மோட்டார் சைக்கிள் கண்காட்சிகளும் அங்குள்ள பெரிய மண்டபங்களில் அவ்வப்போது நடப்பதுண்டு. கோலாலம்பூர்வரை இரயில் கட்டணம். அங்கிருந்து செர்டாங்குக்குக் கொமுட்டர். கொமுட்டர் நிலையத்திலிருந்து மண்டபம் நடக்கும் தொலைவில் இல்லை என்பதால் வாடகைக் கார். மதிய உணவு, தண்ணீர். திரும்பி வரவும் அதே கட்டணங்கள். மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டால் டி-சட்டை, கையுறை, சாவிக்கொத்து, ஒட்டுவில்லை எனக் கடைகள் வரிசையாக நிற்கும். “சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்” என்று புறப்பட்டவர் கையில் பையோடுதான் வீடு திரும்புவார்.

பல மாதம் சேர்த்து வைத்த கைச்செலவுப் பணம் இப்படி ஒரே நாளில் கரைந்துவிடும். அதே பணம் வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய்க்குப் புதிய டயர் போடவும் செயின் மாற்றவும் உதவியிருக்கும். இந்த ஒப்பீடு மிகையானதன்று. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. பதினாறு வயதில் பி2 உரிமம் எடுக்கலாம் என்பதால், இடைநிலைப்பள்ளி மாணவர் பலரும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. வண்டியின் பின் டயர் வழுக்கையாகிக் கிடக்க, கண்காட்சிக்குச் செலவழிப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. டயரும் பிரேக்கும் தலைக்கவசமும் சரியாக இருக்கும் வீட்டில்தான் மற்ற கேள்விகளுக்கே இடம் உண்டு.

அப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், அடுத்து ஒரு கேள்வி எழும். புதிய வண்டிகள் எல்லாம்தான் காணொளிகளில் வந்துவிடுகின்றனவே! வண்டி அறிமுகமான சில மணி நேரத்திலேயே அதன் ஒவ்வொரு திருகாணியையும் கைப்பேசித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பிறகு ஏன் நேரில் போக வேண்டும்?

இதற்கு ஆர்வலர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், “நேரில் பார்ப்பது போல் வருமா?” என்பது. இது பாதிதான் உண்மை. மூடிய மண்டபத்தில் எந்த வண்டியின் இயந்திரத்தையும் முடுக்கிக் காட்டமாட்டார்கள். விளக்கொளியில் பளபளக்கும் வண்டிகள் அங்கே ஊமையாக நிற்கும். வேகமும் ஓசையும் வேண்டுபவருக்குக் காணொளியே மேல்.

திரை காட்ட முடியாதவை வேறு சில உள்ளன. வண்டியின் எடையைத் திரையில் உணர முடியாது. இருக்கையில் அமர்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியை நிமிர்த்திப் பார்க்கும்போதுதான், தாளில் எண்ணாகப் படித்த எடை தொடையிலும் தோளிலும் தெரியும். கால் தரையை முழுமையாகத் தொடுகிறதா, நுனி விரல் மட்டும் தொடுகிறதா என்பதைப் பொறுத்தே அந்த வண்டி ஒருவருக்குப் பொருந்துமா என்பது முடிவாகும். உயரம் குறைந்தவர்களும் பெண் ஓட்டுநர்களும் இதை நன்கு அறிவார்கள்.

இன்னொன்று, வெட்டிக் காட்டப்பட்ட இயந்திரம். பெரிய நிறுவனங்கள் சில கண்காட்சிகளில் இயந்திரத்தைக் குறுக்காக அறுத்து, உள்ளிருக்கும் பிஸ்டன், வால்வு, பற்சக்கரம் ஆகியவற்றைக் காட்சிக்கு வைக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பையும் இப்படி வைப்பதுண்டு. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் துளையிட்ட வளையத்தை ஓர் உணரி கவனித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் திடீரென நின்றுவிடப் போகிறது என்று தெரிந்தால், பிரேக்கின் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பல முறை தளர்த்தியும் கூட்டியும் அந்த அமைப்பு சக்கரத்தைச் சுழல விடும். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் எடுக்கும் விளக்கம் அந்த மேசையின் முன் இரண்டு நிமிடத்தில் மனத்தில் பதிந்துவிடும். ஆனால், மேசையின் முன் நிற்க வேண்டும். அங்கே கூட்டம் குறைவாகத்தான் இருக்கும்; கூட்டம் முழுவதும் 1000 சி.சி. வண்டியின் அருகில் படம் எடுத்துக்கொண்டிருக்கும். பி2 உரிமத்தோடு 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட அனுமதியில்லை என்பதும் அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரிந்ததுதான்.

வாங்க முடியாததைப் பார்க்கப் போவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1954 ஏப்ரலில் தோக்கியோவின் ஹிபியா பூங்காவில் ஜப்பானின் முதல் மோட்டார் கண்காட்சி நடந்தது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. வைக்கப்பட்ட 267 வண்டிகளில் பயணியர் கார்கள் 17 மட்டுமே; மற்றவை பெரும்பாலும் சரக்குந்துகள், மோட்டார் சைக்கிள்கள் போன்றவை. பத்து நாளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தனர். அவர்களில் சொந்தமாகக் கார் வாங்கும் வசதி படைத்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பர். நாளை எப்படி இருக்கக்கூடும் என்று பார்க்கவே மற்றவர்கள் வந்தார்கள். அந்த ஆசையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

அதே ஆண்டில், அதே நாட்டைச் சேர்ந்த ஒருவர் மேற்கொண்ட பயணம், செலவு பற்றிய இந்தக் கேள்விக்கு இன்னும் தெளிவான விடை தருகிறது. அவர் சொய்ச்சிரோ ஹோண்டா. 1954 மார்ச் மாதத்தில், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவின் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தம் நிறுவனம் கலந்துகொள்ளும் என்று அவர் அறிவித்தார். அப்போது நிறுவனத்தின் நிலை நன்றாக இல்லை. விற்பனை சரிந்திருந்தது, கடன் நெருக்கியது. அந்த நிலையிலும் ஜூன் மாதத்தில் அவர் ஐரோப்பாவுக்குப் போய் அந்தப் பந்தயத்தை நேரில் பார்த்தார். கண்ட காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது. ஐரோப்பிய வண்டிகளின் திறன் தம் வண்டிகளின் திறனைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது.

பார்த்துவிட்டு அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. டயர், செயின், கார்புரேட்டர் எனப் பந்தய வண்டிகளின் உதிரிப்பாகங்களைத் தேடித் தேடி வாங்கினார். ரோம் விமான நிலையத்தில் பயணப் பையின் எடை வரம்பைத் தாண்டிவிட்டது என்று தடுக்கப்படும் அளவுக்கு வாங்கினார். அவருடைய குழு மேன் தீவில் முதன்முதலாகக் களமிறங்க மேலும் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 1959இல் 125 சி.சி. பிரிவில் கிடைத்தது ஆறாம் இடம். 1961இல் 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் வெற்றி. கடன் நெருக்கிய ஆண்டில் செய்த பயணச் செலவு வீண் செலவா என்று இப்போது கேட்பவர் யாரும் இல்லை.

இந்தக் கதையில் மலேசியருக்கும் ஒரு பங்கு உண்டு. 1956இல் ஹோண்டா தம் தொழில் பங்காளி தக்கேயோ ஃபுஜிசாவாவுடன் மீண்டும் ஐரோப்பா சென்றார். இம்முறை பார்த்தவை பந்தய வண்டிகள் அல்ல. ஜெர்மனியின் தெருக்களில் ஓடிய சிறிய வண்டிகள். அவற்றை அப்படியே கொண்டு போனால் ஜப்பானின் கரடுமுரடான சாலைகளுக்குச் சரிப்படாது என்று இருவரும் கண்டனர். சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். நூடல்ஸ் கொண்டு செல்லும் பையன் ஒரு கையில் உணவுத் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும். அதனால், கையால் இயக்கும் கிளட்ச் கூடாது. இப்படி உருவாகி 1958இல் வெளிவந்ததுதான் சூப்பர் கப். 2017க்குள் அந்த வரிசை வண்டிகள் பத்துக் கோடி தயாராகிவிட்டன. நம் ஊரில் கப்சாய் என்று அழைக்கப்படும் வண்டிகளுக்கு அதுவே முன்னோடி. ‘கப்’ என்ற பெயரோடு சீனக் கிளைமொழியில் சிறியது எனப் பொருள்படும் ‘சாய்’ சேர்ந்து அந்தப் பெயர் வந்தது என்பர். பால்மரக் காட்டுக்கும், சந்தைக்கும், பள்ளிக்கும் நம்மவரைச் சுமந்த வண்டி, இருவர் பிறருடைய வண்டிகளைக் கூர்ந்து பார்த்ததில் பிறந்தது.

ஹோண்டா ஒரு நிறுவனத்தின் தலைவர், மாணவர் அவரைப் போல் ஆக முடியுமா என்று கேட்கலாம். ஆக வேண்டியதில்லை. அவரிடம் பணத்தைவிட முக்கியமான ஒன்று இருந்தது. புறப்படும்போதே, எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் படிக்க விரும்பும் மாணவர், கப்சாயின் கார்புரேட்டருக்குப் பதிலாக இப்போது வரும் எரிபொருள் பீய்ச்சு முறை எப்படி இயங்குகிறது என்ற கேள்வியோடு போகலாம். வடிவமைப்பில் நாட்டமுள்ளவர், வெவ்வேறு நிறுவனங்கள் ஒரே அளவு இயந்திரத்தைச் சுற்றிச் சட்டகத்தை எப்படி வளைக்கின்றன என்று பார்த்துக் குறிப்பேட்டில் வரைந்து வரலாம். மண்டபத்தின் நடுவில் நிற்கும் விற்பனையாளரைவிட, பின்வரிசையில் உதிரிப்பாகம் விற்கும் சிறிய கடைக்காரர் அவர்களுக்கு அதிகம் சொல்லித் தருவார். விற்பனையாளருக்கு வாங்குபவர் வேண்டும். கடைக்காரருக்கோ மதிய வேளையில் பேச்சுத் துணை வேண்டும். இப்படிப் போகிறவருக்கு அந்த ஒரு நாள் செலவு தகும். ஆண்டுதோறும் தகுமா என்றால், தகாது. ஓராண்டில் வண்டிகளின் நிறமும் ஒட்டுவில்லையும் மாறும் அளவுக்கு இயந்திரம் மாறுவதில்லை.

மிலான் நகருக்குப் போக வேண்டும் என்று கனவு காண்பவர்களும் உண்டு. 1914இல் தொடங்கப்பட்டு, இப்போது ஒவ்வோராண்டும் நவம்பரில் மிலானை ஒட்டிய ரோவில் நடக்கும் கண்காட்சிதான் உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் கண்காட்சிகளுள் முதன்மையானது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கூடுகின்றனர். வண்டி இறக்குமதி செய்யும் வணிகருக்கு அது முதலீடு. மாணவருக்கு, படிப்பு முடிந்து, சொந்தச் சம்பளம் வந்த பிறகு யோசிக்க வேண்டியது. கூரூணில் மோடேனாஸ் தொழிற்சாலை இருக்கும்போது, கெடா மாணவர் இத்தாலியைப் பற்றி அவசரப்பட வேண்டியதில்லை.

எப்படிப் போவது என்பதிலும் கண்டிப்பு தேவை. நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, நள்ளிரவில் நெடுஞ்சாலை வழியாகக் கப்சாயிலேயே போய்விடலாம், இரயில் கட்டணம் மிச்சம் என்று ஒரு திட்டம் எப்படியும் எழும். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், தூக்கக் கலக்கத்தோடு, கனவுந்துகளுக்கு நடுவில்! அந்தச் சிக்கனத்தை எந்தப் பெற்றோரும் ஏற்கக்கூடாது. இரயிலுக்குப் பணம் இல்லையென்றால் அடுத்த ஆண்டு போகலாம். கண்காட்சி எங்கும் ஓடிவிடாது.

துணையாக யாரை அழைத்துப் போவது என்பதற்கு மட்டும் எளிய விடை இருக்கிறது. அப்பாவையோ, வழக்கமாக வண்டியைப் பழுதுபார்க்கும் பட்டறை அண்ணனையோ அழைக்கலாம். பட்டறை அண்ணன் வந்தால், புதிய வண்டியின் அருகில் குனிந்து, “இதில் எண்ணெய் வடிகட்டியை எப்படிக் கழற்றுவது?” என்று விற்பனையாளரை அவர் திணறடிப்பார், அதைக் கேட்டுக்கொண்டிருந்தாலே பாதி பாடம் முடிந்துவிடும். அப்பா வந்தால் சீட்டு இரண்டாகும்தான். ஆனால், டி-சட்டைக் கடைப் பக்கம் நீளும் கை தானாகவே சட்டைப் பைக்குத் திரும்பிவிடும்.