ஏழு வயதானால் வாப்பாவுக்கா?

தலாக் முடிந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் நிந்தவூரில் ஒரு தீர்ப்பு ஆயத்தமாகவே இருக்கிறது. அண்மையில் நண்பர் ஒருவர் அதைச் சபையிலேயே சொன்னார்: ஆண்பிள்ளைக்கு ஏழு வயதானால் வாப்பாவுக்குத்தான், பிள்ளையைத் தராதவளுக்குத் தாபரிப்புக் காசு இல்லை, கோட்டுக்குப் போவது ஊருக்கு வெட்கம். இது மார்க்கமும் இல்லை, சட்டமும் இல்லை. பிள்ளை மீது கொஞ்சமும் இரக்கமில்லாத பேச்சு.

ஏழு வயதில் ஆண்பிள்ளை தகப்பனிடம் போவது ஹனபி மத்ஹபின் விதி. நாம் ஷாபிகள். விவரம் தெரிந்த பிள்ளை, ஆணோ பெண்ணோ, உம்மாவையோ வாப்பாவையோ தெரிவு செய்யலாம், மனம் மாறினால் மாற்றியும் கொள்ளலாம் என்பதே நம் மத்ஹபின் நிலை. வாப்பாவிடம் போன மகன் உம்மாவைப் பார்க்கப் போவதை வாப்பா தடுக்கக் கூடாது என்கிறது இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’. உம்மாவைத் தெரிந்தெடுத்த மகன் இரவில் அவளோடும் பகலில் வாப்பாவோடும் இருக்கட்டும் என்கிறது. எழுநூறு வருடங்களுக்கு முன்னரே பிள்ளைக்கு இரண்டு பேரும் வேண்டும் என்று எழுதிவைத்த மத்ஹபின் பெயரால்தான் நண்பர் ஓர் உறவை வெட்டச் சொல்கிறார்.

நம் கரையோரத்தில் வீடு சீதனமாகப் பெண்ணுக்கே எழுதப்படுகிறது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்கிறார். பிள்ளையின் பாய், புத்தகப்பை, அடுத்த வளவில் இருக்கும் உம்மம்மா எல்லாம் அந்த வீட்டைச் சுற்றியே. வாப்பா கட்டாரில் இருக்கிறார் என்றால், “வாப்பாவுக்கு” என்று பிடுங்கிய பிள்ளை உண்மையில் போய்ச் சேருவது வாப்பும்மாவிடம் அல்லது மாமியிடம். யாருக்காக இந்தப் பிடுங்கல்?

தாபரிப்பு பிள்ளையின் சோறு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி அதற்குக் கட்டளையிடலாம்; கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் தண்டப்பணத்தைப் போல அறவிடும். பிள்ளையைப் பார்க்கக் கொடுக்கும் கட்டணம் அல்ல அது. காசு வரவில்லை என்று பிள்ளையை ஒளித்துவைக்கும் உம்மாவும் இதே அநியாயத்தைத்தான் செய்கிறாள்.

கோட்டு வெட்கம் என்பவர் ஒன்றை மறைக்கிறார். பிள்ளை யாரிடம் இருப்பது என்று தீர்க்கும் அதிகாரம் காதிக்கே கிடையாது. அது மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. அப்படியானால் ஊர்ப் பஞ்சாயத்து எந்த அதிகாரத்தில் தீர்க்கிறது? அங்கே நடப்பது இதுதான்: இரண்டு பக்கத்து ஆட்களும் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க, நடுவில் சிறுவனை நிறுத்தி, “யாரு வேணும், சொல்லு மகன்” என்கிறார்கள். அவன் சேட்டு நுனியை முறுக்கிக்கொண்டு சாச்சாவின் முகத்தைப் பார்க்கிறான், பிறகு உம்மாவின் காலைப் பார்க்கிறான். எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்றவரைக் கைவிட்டவனாகிறான். மத்ஹப் கொடுத்த தெரிவு இந்தக் கொடுமை அல்ல. நீதிபதி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியே கேட்கலாம். அவனுடைய நலனை முன்வைத்துக் கட்டளையிடலாம். வழக்கு இழுபடும், மறுக்கவில்லை. அதற்குத்தான் இடைக்காலக் கட்டளை கேட்க வேண்டும்.

பெற்றோர் இருவரோடும் தொடர்பு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை என்று ஏற்று, சிறுவர் உரிமை சமவாயத்தை இலங்கை 1991இல் உறுதிப்படுத்தியது. பள்ளிவாசல் நிருவாகம் உதவ விரும்பினால், எந்தப் பிள்ளையையும் விசாரணைக்கு அழைத்து வரக் கூடாது என்று முதலில் அறிவிக்கட்டும். கட்டளை வரும்வரை வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளை மற்றவரைச் சந்திக்க இரு தரப்புக்கும் பொதுவான ஒரு வீட்டை ஒழுங்கு செய்யட்டும். பிள்ளையை அடித்தாலோ துன்புறுத்தினாலோ 1929க்கு அழைக்கட்டும், அடித்தவர் எந்தக் குடியாக இருந்தாலும்.