பெரம்பூர் தந்த கப்பல்காரர்

சென்னையின் பாடியிலிருந்து கிழக்கே வில்லிவாக்கத்தைத் தாண்டினால் சற்றுத் தொலைவில் பெரம்பூர். ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் பிறந்த ஊர். சிறு வயதிலேயே குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபோனதால், சென்னை அவரைப் பாண்டிக்காரர் கணக்கில் எழுதிவிட்டது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), நாட்குறிப்பு எழுதியவர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர் முதல் போட்டுக் கடல் வாணிபம் செய்தவர். ஆனந்தப்புரவி என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தார். பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கம்பெனிக்காக நீலத்துணி வேலையைக் கவனித்தார். ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் கடை திறந்து ஐரோப்பியச் சரக்கை விற்றார்.

1736-ல் தொடங்கும் அந்தக் குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். நவாபு சண்டைக்கும் டூப்ளேயின் அரசியலுக்கும் நடுவே எந்தக் கப்பல் துறை பிடித்தது, என்ன ஏற்றி வந்தது, மரியாதைக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று விடாமல் எழுதுகிறார். கப்பல் தாமதித்தால் போட்ட முதல் முடங்கும், நெசவாளிக்குக் கொடுத்த முன்பணமும் நிற்கும். அந்தக் கவலை தெரிந்த வியாபாரியின் எழுத்து அது.

புதுச்சேரியில் அவர் வீடு இன்றும் நிற்கிறது. கீழே நம்மூர் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள். 1761 ஜனவரியில், ஆங்கிலேயரிடம் புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்பு காலமானார்.

கார் பாகங்களைக் கடல் தாண்டி அனுப்பும் பாடி, அம்பத்தூர்ப் பகுதிப் பிள்ளைகளுக்கு வாஸ்கோடகாமாவின் கப்பலைச் சொல்லும்போது, ஆனந்தப்புரவியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.