சாய்ந்த வாழையும் சாட்சி சொல்லும்

கோடை மழைக்கு முன்னால் பத்து நிமிடம் அடிக்கும் சூறைக்காற்று, குலை தள்ளிய வாழையைத் தோட்டம் தோட்டமாகச் சாய்த்துவிட்டுப் போகிறது. மறுநாள் அதிகாரிகள் வந்து மரங்களை எண்ணுகிறார்கள். சேதம் 33 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். மரம் எந்தப் பக்கம் விழுந்தது என்பது பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. விழுந்த திசையைப் படித்தே உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானி இருந்தார்.

அவர் பெயர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1920-ல் ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தவர். 1945-ல் அணுகுண்டு விழுந்த நாகசாகியை ஆய்வு செய்யப் போனார். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே இருந்த மரங்கள் கருகியும் நின்றுகொண்டிருந்தன. சுற்றியிருந்தவை வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. 1947-ல் ஒரு மலை உச்சியிலிருந்து இடிமழையைக் கவனித்து, மேகத்திலிருந்து காற்று கீழ்நோக்கியும் பாய்கிறது என்று எழுதினார். அந்த ஆய்வைப் பார்த்த பேராசிரியர் ஹோரஸ் பையர்ஸ் அழைக்க, 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகம் சென்றார்.

அங்கே டொர்னாடோ என்னும் சுழல்காற்று அடித்த இடங்களுக்கெல்லாம் போனார். சிறிய விமானத்தில் பறந்து, மக்காச்சோள வயல்களில் பதிந்திருந்த சுழித்தடங்களைப் படம் எடுத்தார். சேதத்தைக் கொண்டே காற்றின் வலுவைத் தரம் பிரிக்கும் அளவுகோலை 1971-ல் வகுத்தார். இத்தனைக்கும் டொர்னாடோவை அவர் முதன்முதலில் கண்ணால் பார்த்தது 1982-ல்தான்!

1974-ல் ஒரு காட்டின் மேல் பறந்தபோது, மரங்கள் சுழன்று விழாமல் நட்சத்திரம் போல நாலாபுறமும் விழுந்து கிடந்தன. நாகசாகி அவருக்கு நினைவு வந்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் ஒரு விமானம் இறங்கும்போது விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மேகத்திலிருந்து திடீரெனக் கொட்டிய காற்றுதான் காரணம் என்றார். பலர் ஏற்கவில்லை. 1978-ல் சிகாகோ அருகே டாப்ளர் ரேடார்களை வைத்து அப்படிப்பட்ட காற்றுகளைப் பதிவு செய்து காட்டினார்.

நம் தோட்டத்திலும் இது நடக்கக்கூடியதே. மழைத்துளி வறண்ட காற்றின் வழியே விழும்போது ஆவியாகிறது. அதில் காற்று குளிர்ந்து, கனத்து, வேகமாக இறங்கித் தரையில் மோதிப் பரவுகிறது. மழைக்கு முன் முகத்தில் அறையும் அந்தக் குளிர்காற்றை உங்களுக்குத் தெரியும். ஒரு தோட்டம் தரைமட்டமாகி, அடுத்த தோட்டம் அப்படியே நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தப் பத்து நிமிடக் காற்று, எங்கோ இருக்கும் காற்றுமானியில் பதியாமலே போகலாம்.

ஆகவே, மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் முன் தோட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்தன, வேரோடு பெயர்ந்தனவா, நடுவில் முறிந்தனவா, காற்று எத்தனை மணிக்கு அடித்தது என்று குறித்து வையுங்கள். சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்த மரங்கள் எத்தனை நின்றன என்பதையும் எழுதுங்கள்; அடுத்த பருவத்தில் கம்புக்குச் செலவழிப்பதா, வரப்போரம் அகத்தியை நெருக்கி நடுவதா என்று முடிவு செய்ய அந்தக் குறிப்பு உதவும்.

தோட்டக்கலைத் துறை தன் பங்குக்குச் சேதக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'சாய்ந்த திசை' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். வரும் கோடைக்குள் அதைச் செய்யலாம், செலவும் இல்லை.